பிடி அரிசி

சபைக்கு ஐம்பது வயது நிறைகிறது, பொன்விழா மலருக்கு வரலாறு எழுதித் தர வேண்டும் என்று கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவர். இன்னொருவர் அவருடைய மாமனார். "நீங்க தமிழ்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்க, கவிதை வேற எழுதுறீங்க. எட்டுப் பக்கம் போதும்மா" என்றார் மாமனார். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேச்சை எடுக்கவில்லை. காபி குடித்துவிட்டு ஒரு மஞ்சள் பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். பைக்குள் நான்கு மினிட் நோட்டுகள், பிரதிஷ்டை நாளன்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கோயில் வாசல் கல்வெட்டின் படம்.

கல்வெட்டில் பதினோரு பெயர்கள். பதினொன்றும் ஆண்கள்.

எங்கள் கோயில் பட்டாபிராமில், மிலிட்டரி சைடிங் தண்டவாளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஆவடியில் தொழிற்சாலைகள் வந்தபோது வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய சபை. முதலில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஜெபக்கூட்டம். பிறகு கீற்றுக் கொட்டகை. மழைக்காலத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பாடியதாக அம்மா சொல்வாள். 1986இல் கான்கிரீட் கட்டடம். பட்டாபிராமன் என்றால் முடிசூட்டிக்கொண்ட ராமன். முடிசூட்டின அன்றைக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஊர்ப்பெயரில் அவள் இல்லை. இருபது வருடமாக வகுப்பில் இந்த நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டுப் படத்தைப் பார்த்த அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மினிட் நோட்டுகளை ஒரு வாரம் படித்தேன். பெண்கள் ஐக்கிய சங்கம் ஏழு இடங்களில் வருகிறது. ஏழு இடத்திலும் ஒரே வாக்கியம்: சங்கத்தாருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. எதற்கு நன்றி என்று நோட்டு சொல்லவில்லை. பின்பக்கத்துக் கணக்குதான் சொன்னது. வரவுப் பத்தியில் மாதம் தவறாமல் ஒரு வரி: 'பிடி அரிசி வகையில்.'

தெற்கத்திக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு தகர டின்னில் போட்டுவிட வேண்டும். வீட்டில் எத்தனை பேர் பசியோடு இருந்தாலும் அந்தப் பிடி கோயிலுக்கு. மாதக் கடைசியில் டின்னைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை உலை வைத்தால் மாதம் அறுபது பிடி. ஒரு பெண்ணின் கைப்பிடியில் முப்பது, நாற்பது கிராம் கொள்ளும். ஒரு வீட்டுக்கு இரண்டு கிலோ. நாற்பது வீடு என்றால் எண்பது கிலோ. ரேஷன் அரிசி, பொன்னி, புழுங்கல், பச்சை எல்லாம் கலந்து கிடக்கும். சோற்றுக்கு உதவாது. மாவு அரைக்கிறவர்கள் விலை குறைத்து வாங்கிப்போவார்கள். நான்கு நோட்டுகளையும் கூட்டிப் பார்த்தேன். கட்டட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இந்தக் கலப்பு அரிசியிலிருந்து வந்திருக்கிறது.

வீடு வீடாகப் போய் அந்த டின்களை வாங்கிவந்தவள் என் பெரியம்மா.

பெரியம்மா பாளையங்கோட்டைக்காரி. இருபத்தேழு வயதில் புருஷன் செத்துப்போய், தங்கச்சி வீடு இருக்கிறதே என்று பட்டாபிராமுக்கு வந்தாள். ஆவடி ஓ.சி.எஃப்.பில் தையல் வேலை கிடைத்தது. ராணுவச் சட்டைகளுக்குக் காலர் தைத்தாள். சில வருடம் கழித்து, ஆவடியில் இன்னொரு தொழிற்சாலையில் டர்னராக இருந்த ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினாள். அவருக்கு ஊரில் மனைவி உண்டு, பேச்சுவார்த்தை இல்லை, விவாகரத்தும் இல்லை. கிறிஸ்தவரும் இல்லை. நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டேன். கோயில் வளாகத்துக்குள் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

அவர் உயிரோடு இருந்த பதினோரு வருடமும் பெரியம்மாவுக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது. ஐயர் மூன்று பேர் மாறினார்கள். தீர்மானம் மாறவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்கு முன் முழங்காலிடப் போவார்கள். பெரியம்மா பெஞ்சின் ஓரத்தில்தான் உட்கார்வாள். எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிடுவாள். திரும்பி வரும்போது மறுபடி ஒதுக்குவாள். சின்னப்பிள்ளையாக நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகளுக்கும் அங்கே போக அனுமதி இல்லை என்பதால். பெரியம்மாவும் என்னைப் போல இன்னும் பரீட்சை எழுதாதவள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் அதே ஐயர், அதே பெரியம்மா கையிலிருந்து பிடி அரிசிக் கணக்கை வாங்கிக்கொள்வார்.

இதை எட்டுப் பக்கத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்த நாட்களில், ஒரு ஆய்வு மாணவியின் வாய்மொழித் தேர்வுக்காகத் திருநெல்வேலி போக வேண்டிவந்தது. வேலை மதியமே முடிந்துவிட்டது. பெரியம்மா சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லிவந்த ஒன்று நினைவுக்கு வந்தது. "ஏட்டி, எங்க ஊர்ல ஒரு பொம்பள கோயில் கெட்டி வச்சிருக்கா, தெரியுமா? பாப்பாத்தியம்மா கோயிலு." கதை என்று விட்டிருந்தேன். பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

பாளையங்கோட்டையில் கோயில் என்று கேட்டால் முதலில் ஊசிக்கோபுரத்தைத்தான் காட்டுவார்கள். தூய திரித்துவ பேராலயம். ரேனியுஸ் 1826இல் கட்டியது. பிரஷ்ய நாட்டிலிருந்து வந்தவர், இங்கே தமிழ் கற்று இலக்கணம் எழுதியவர், 'பூமிசாஸ்திரம்' எழுதியவர். உரைநடை வரலாறு எடுக்கும்போது அவர் பெயரை நான் கரும்பலகையில் எழுதுவதுண்டு. பாப்பாத்தியம்மா கோயில் அதற்கு நாற்பத்தொரு வருடம் மூத்தது. சின்னக் கோயில். உயரத்தால் யாரையும் கூப்பிடுகிற கோயில் இல்லை, விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும். குளோரிந்தா ஆலயம் என்பது முறையான பெயர். ஆட்டோக்காரருக்கு இரண்டு பெயரும் தெரிந்திருந்தது.

குளோரிந்தா தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண். இளம் விதவை. கோகிலா என்பது பழைய பெயர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். உடன்கட்டையிலிருந்து அவர்தான் காப்பாற்றினார் என்பது நமக்குப் பழக்கமான கதை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா 1915இல் 'கிளாரிந்தா' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழாக்கினார். மாதவையா மேல் எனக்கு மதிப்பு உண்டு. விதவைகளின் நிலைமையை அவர் அளவுக்குக் கோபத்தோடு எழுதிய ஆண்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. ஆனால் சிதையும் குதிரை வீரனும் வந்துவிட்டால் வாசிக்கிறவர் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. தீயிலிருந்து இறங்கி வந்தவள் அப்புறம் என்ன செய்தாள் என்பது எனக்கு முக்கியம்.

அவள் ஞானஸ்நானம் கேட்டாள். லிட்டில்டனிடமிருந்தே வேதத்தைக் கற்றிருந்தாள். தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டாள். அவர் மறுத்தார். காரணம், அவள் அந்த அதிகாரியோடு மணமில்லாமல் வாழ்கிறாள்.

சுவார்ட்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1726இல் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். இன்றைக்கு அந்த ஊர் போலந்து எல்லைக்குள் இருக்கிறது. ஹாலேயில் படித்து 1750இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்தார். தமிழும் மராட்டியும் பாரசீகமும் பேசுவார். 1779இல் கம்பெனி ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது இவரைத்தான். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1798இல் இறந்தபோது சரபோஜி மன்னர் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்யச் சொல்லித் தஞ்சாவூர்க் கோயிலில் வைத்தார். மரணப்படுக்கையில் ஐயர், கையைப் பிடித்துக்கொண்டு மன்னர். இப்போதும் பார்க்கலாம்.

அந்த நல்ல மனிதர்தான் மறுத்தார். கம்பெனி அதிகாரிகள் பலர் நாட்டுப் பெண்களை மணமில்லாமல் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. லிட்டில்டனின் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. அதை அவர் பிறந்த ஊரிலேயே, தொட்டிலில் வாங்கிவிட்டார். ஒரே வீட்டில் ஒரே பாவத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் என்றால், வாசலில் நிறுத்தப்பட்டவள் ஒருத்திதான்.

லிட்டில்டன் இறந்துபோனார். 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவள் மறுபடி கேட்டாள். இப்போது தடை இல்லை. குளோரிந்தா என்ற பெயரோடு ஞானஸ்நானம் நடந்தது. ஒரு ஆண் செத்த பிறகுதான் அவள் சுத்தமானாள் என்று எழுதினால் என் பேராசிரியர் 'மிகை' என்று சிவப்பு மையில் குறிப்பார். குறிக்கட்டும்.

சும்மா இருக்கவில்லை அந்த அம்மாள். பாளையங்கோட்டை அப்போது கம்பெனிப் படை இருந்த கோட்டை. சிப்பாய்கள், வேலைக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள் என்று சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைச் சேர்த்துச் சபை ஆக்கினார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தார். எங்களுக்கு ஒரு ஊழியரைக் கொடுங்கள் என்று தஞ்சாவூருக்கே போய்ச் சுவார்ட்ஸிடம் கேட்டார். அப்படித்தான் சத்தியநாதன் பாளையங்கோட்டைக்கு வந்தார். கோயில் கட்டப் பணம் போட்டார், போதாததற்குத் தெரிந்த ஆங்கிலேயர்களிடம் வாங்கினார். 1785இல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். மறுத்தவர் கையாலேயே தன் கோயிலைத் திறக்கவைத்தவள் என்று இதைப் படிக்க எனக்கு ஆசை. அவர் மனதில் என்ன இருந்ததோ.

அதே 1785 பயணத்தில் சுவார்ட்ஸ் இன்னொன்றும் செய்தார். நெல்லையில் பன்னிரண்டு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பையனைத் தஞ்சாவூருக்குப் படிக்கக் கூட்டிப்போனார். அந்தப் பையன்தான் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதிய வேதநாயக சாஸ்திரியார். இது எனக்கு எம்.ஏ. படிக்கும்போதே தெரியும். கிறிஸ்தவத் தமிழ் இலக்கியம் என்று ஒரு தாள் இருந்தது, சாஸ்திரியார் பற்றிப் பதினைந்து மதிப்பெண் கேள்வி எழுதியிருக்கிறேன். அவரைக் கூட்டிப்போக வந்த ஐயர் எதற்காக அந்த ஊருக்கு வந்தார், யார் கட்டிய கோயிலைத் திறக்க வந்தார் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. நானும் பிறகு பல வருடம் அதே பாடத்தை எடுத்தேன். நானும் சொல்லவில்லை. எனக்கு அதைச் சொன்ன ஒரே ஆள் காலர் தைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, அவளை நான் ஆதாரமாக எண்ணவில்லை.

குளோரிந்தாவின் பெயர் பிழைத்ததற்கு ஒரு பழக்கம் காரணம். ஜெர்மானியச் சிற்றூர்களில் பல சேகரக் கோயில்களில் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவேடு எழுதிவந்தார்கள். யார் ஞானஸ்நானம் பெற்றார், யாரை யார் மணந்தார், யாரை எப்போது புதைத்தார்கள். செருப்புத் தைப்பவன் மகளும் அதில் ஒரு வரி. அந்த ஊர்களிலிருந்து வந்த ஐயர்மார் தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் அதே கையோடு நோட்டைத் திறந்தார்கள். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பட்டியலில் நாற்பது பேர். முதல் பெயர் குளோரிந்தா. திருநெல்வேலிச் சீமைப் புராட்டஸ்டண்ட் சபையின் வரலாறு ஒரு பெண் பெயரில் தொடங்குகிறது என்றால், அதற்கு அந்தப் பட்டியல் சாட்சி. ஞானஸ்நானத்தை நிறுத்தியதும் அதே ஐயர்மார்தான், பெயரை எழுதியதும் அவர்கள்தான். என்னால் இதை எந்தப் பக்கமும் முழுசாகச் சாய்க்க முடியவில்லை.

அவளுடைய வளர்ப்பு மகனுக்கு ஹென்றி லிட்டில்டன் என்று பெயர் வைத்திருந்ததாகச் சபை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் நின்று இதை நினைத்தபோது சிரிப்பு வந்தது. எந்த ஆணின் பெயரால் அவளை வெளியே நிறுத்தினார்களோ, அந்தப் பெயரைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டி உள்ளே கொண்டுபோயிருக்கிறாள்.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. ஊர் அவளைக் குளோரிந்தா என்று கூப்பிடவில்லை. பாப்பாத்தியம்மா. அவள் வெட்டிய கிணற்றைக்கூடப் பாப்பாத்தியம்மா கிணறு என்றுதான் சொல்கிறார்கள். எந்தச் சாதி அவளைத் தீயில் தள்ளப் பார்த்ததாகக் கதை சொல்கிறதோ, அந்தச் சாதியின் பெயரால்தான் இருநூறு வருடத்துக்கு மேலாக அவள் நினைக்கப்படுகிறாள். அவள் பிராமணத்தியாக இல்லாமல் இருந்திருந்தால் ஊர் நினைவில் வைத்திருக்குமா? பட்டியலில் மீதி முப்பத்தொன்பது பேர் பல சாதியினர். அவர்களில் பெண்களும் உண்டு. அந்தப் பெண்களின் பெயரில் கோயிலும் இல்லை, கிணறும் இல்லை. மண் சுமந்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். பெரியம்மா, அம்மா, நான் எல்லாம் அந்த முப்பத்தொன்பதின் வாரிசுகள்.

ரயிலில் திரும்பி வரும்போதே எழுத ஆரம்பித்தேன். எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கம் கமிட்டி விரும்பிய விஷயங்கள்: திண்ணை, கொட்டகை, நிலம் வாங்கியது, ஐயர்மார் பட்டியல். ஒரு பக்கம் பிடி அரிசி, டின் கொண்டுவந்த வீடுகளில் நினைவுள்ள பெண்களின் பெயர்கள், அம்மாவைக் கேட்டு எழுதியது, இருபத்தாறு பெயர். மீதி இரண்டு பக்கம் பெரியம்மா. பெஞ்சு ஓரம், ஒதுக்கிய முழங்கால், பதினோரு வருடம், ஆராதனை முடிந்ததும் கைமாறிய கணக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், அதுவும் பெயர் இல்லாமல். உயிரோடு இல்லாத ஒருவரை எதற்கு இழுக்க வேண்டும் என்று நினைத்தேன். நாகரிகம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கமிட்டிக்குக் கொடுப்பதற்கு முன்னால் பெரியம்மாவிடம் காட்டப் போனேன். எழுபத்தெட்டு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்றுக்கு டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். ஒற்றை அறை, ஒரு தையல் மிஷின், மூடி போட்ட ஒரு நைஸ் பிஸ்கட் டின். இப்போது அதில் நூல்கண்டுகள். கட்டிலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். சபைக்கு முன்னால் அவமானப்பட்டதைப் படிக்கும்போது குரல் எனக்குத்தான் கம்மியது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும், "தப்பா எழுதிருக்க" என்றாள்.

"எது பெரியம்மா? உங்களுக்கு இஷ்டமில்லைன்னா எடுத்துடறேன்."

"நான் பந்தியில சேராத விஷயத்தச் சொல்லல. அது நடந்ததுதான, எழுது. அரிசிய நான் கொண்டுபோயி வித்தேன்னு எழுதிருக்க பாரு. எண்பது கிலோவ நான் எங்குட்டுச் சுமக்க?"

நான் நோட்டைப் பார்த்தேன். 'பிடி அரிசி வகையில்' என்ற வரிக்கு எதிரே பெரியம்மாவின் கையெழுத்து இருந்தது. விற்றதும் அவள்தான் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

"அவியதான் கொண்டுபோனாவ. மாசாமாசம் ஞாயித்துக்கெழம ஆராதனை முடியிற வரைக்கும் காம்பவுண்டுக்கு வெளிய சைக்கிளப் புடிச்சிக்கிட்டு நிப்பாவ. உள்ள வரமாட்டாவ. யாரும் வரச் சொன்னதும் இல்ல. கோயில்குட்டி மூட்டையத் தூக்கிட்டு வந்து கேரியர்ல வைப்பான். ரெண்டு மூட்டைன்னா ரெண்டு நடை. ஆவடி மார்க்கெட்டு வரைக்கும் உருட்டிக்கிட்டே போயி, வித்து, பைசா சுத்தமா கொண்டாந்து குடுப்பாவ. பஸ்ஸு சார்ஜுகூட எடுத்துக்கமாட்டாவ."

எனக்கு அது நினைவிருக்கிறது. வெளியே பச்சை சைக்கிளோடு அவர் நிற்பார், ஆராதனை முடிந்து ஓடிப்போனால் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்துத் தருவார். எனக்காக நிற்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"அவிய பேரப் போடு" என்றாள் பெரியம்மா. "அவிய பேரு இல்லாம என் பேரு மட்டும் அதுல வேண்டாம்."

திருத்தி எழுதிக் கொடுத்தேன். இருபத்தாறு பெண்கள், பெரியம்மா, அவர். பத்து நாள் கழித்து என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவர் போன் செய்தார். கட்டுரை மிக நன்றாக வந்திருப்பதாகக் கமிட்டி சொன்னதாம். பெண்கள் பெயர்ப் பட்டியல் அருமை, தனிப் பெட்டியாகவே போடலாம். அந்தக் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா, மலர் எல்லார் வீட்டுக்கும் போகும், பிள்ளைகள் படிப்பார்கள். வேண்டுமானால் பெரியம்மா பெயரை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

முடியாது என்றேன். முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் திருப்பித் தந்துவிடுங்கள்.

மலர் வந்தது. சபை வரலாற்றை வேறு ஒருவர் எழுதியிருந்தார், மூன்று பக்கம். கல்வெட்டின் வண்ணப்படம் அட்டையில் இருந்தது. என் எட்டுப் பக்கத்தைக் கணினியிலிருந்து அச்செடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். நான்காய் மடித்து நூல்கண்டு டின்னில் வைத்தாள். அடுத்த வாரம் போனபோது கோயில்குட்டியின் மகள் வந்து வாங்கிப்போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள் என்று சொன்னாள். எத்தனை என்று கேட்டேன். இருபத்தாறு என்றாள்.